பூச்சும் மதிலும்

பிக்கரிங் தேவாலயத்தின் தெற்கு வாசலில் நுழைந்தால் எதிர்ச் சுவரில் புனித கிறிஸ்டோபர் பேருருவாக நிற்கிறார். தோளில் குழந்தை இயேசு, கையில் ஊன்றுகோல், காலடியில் ஆறு. அவரை ஒருமுறை பார்த்துவிட்டால் அன்றைக்கு அகால மரணம் அண்டாது என்பது இடைக்கால இங்கிலாந்தின் நம்பிக்கை. வயலுக்குப் போகிற அவசரக்காரர்கூடக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவரை வாசலுக்கு நேரே வரைவார்கள். நானும் பார்த்துவைத்தேன். யார்க்கிலிருந்து வரும் பஸ் மேடும் பள்ளமுமான பாதையில் போன வேகத்துக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

அகராதி மேய்வது எனக்குப் பழைய பழக்கம். அதிலும் சுவர், பூச்சு, வண்ணம் பற்றிய ஆங்கிலச் சொற்கள் விசித்திரமானவை; தோண்டத் தோண்ட ஆங்கிலம் குறைந்துகொண்டே போகும். அந்தச் சொற்கள் புழங்கிய இடங்களையே நேரில் பார்க்கலாமென்று வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள பிக்கரிங்கில் தொடங்கி, டரம், ஜாரோ, நியூகாசில் வழியாக ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதில்வரை ஒரு பாதை போட்டுக்கொண்டேன்.

பிக்கரிங் ஓவியங்கள் ஏறத்தாழ 1450-க்கும் 1470-க்கும் இடையில் வரையப்பட்டவை. வளைவுகளுக்கு மேலே சுவர் முழுக்கக் கதைகள். ஜார்ஜ் டிராகனைக் குத்துகிறார். மரத்தில் கட்டப்பட்ட எட்மண்ட் அரசர்மேல் டேனியர்கள் அம்பு எய்கிறார்கள். ஏரோது விருந்துண்கிறான். கேன்டர்பரி பேராயர் பெக்கெட்டை வீரர்கள் வெட்ட வருகிறார்கள். சமய சீர்திருத்த காலத்தில் இவை எல்லாமே சுண்ணாம்புக்கு அடியில் போயின. 1547-இல் ஆறாம் எட்வர்டின் ஆட்சி தேவாலயங்களிலிருந்து உருவங்களை நீக்கச் சொல்லி ஆணையிட்டது. ஊர் ஊராக வெள்ளையடித்தார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு கில்டு சேப்பலில் படங்களை அழிக்க இரண்டு ஷில்லிங் செலவானதாக 1564-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. அப்போது நகரின் கணக்குப் பொறுப்பில் இருந்தவர் ஜான் ஷேக்ஸ்பியர். அவருக்கு வில்லியம் பிறந்ததும் அதே ஆண்டுதான்.

பிக்கரிங்கில் படங்கள் மறுபடி வெளியே வந்தது 1852-இல். அப்போதைய பாதிரியாருக்கு அவை பிடிக்கவில்லை; பிரசங்கத்தின்போது ஜனங்களின் கவனம் சிதறும் என்று திரும்பவும் வெள்ளையடிக்கச் செய்துவிட்டார். அடுத்து வந்தவர் காலத்தில், 1876-க்குப் பிறகு, சுரண்டி எடுத்து, மங்கிய இடங்களில் புதிதாக வண்ணமும் தீட்டினார்கள். அதனால் இன்று நாம் பார்க்கும் கோடுகளில் எது பதினைந்தாம் நூற்றாண்டு, எது விக்டோரியா காலத்துக் கை என்று பிரிப்பது சிரமம். எட்மண்டின் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பழைய பள்ளிப் புத்தகப் படம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் கிடைக்கும் நெரிசலான உயிர்ப்பை எந்தத் திருத்தமும் கெடுத்துவிடவில்லை. ஆங்கிலத்தில் 'வைட்வாஷ்' என்றால் குற்றத்தை மூடி மறைப்பது என்று பொருள் ஏறிவிட்டது. இந்தச் சுவரில் மூடி மறைத்ததால்தான் மிச்சமிருக்கிறது.

அங்கே பார்வையாளர்களுக்கு உதவ ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் 'ஃப்ரெஸ்கோ' என்று ஏதோ கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இது ஈரத்தில் வரைந்ததில்லை. காய்ந்த சுவரில் வரைந்தது."

அவர் சொன்னது சரி. ஃப்ரெஸ்கோ என்பது இத்தாலியச் சொல். 'புதியது' என்று பொருள். சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை இட வேண்டும். சாந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பூட்டிக்கொள்ளும். இங்கிலாந்தின் இடைக்கால ஓவியர்கள் பெரும்பாலும் காய்ந்த பூச்சின்மேல்தான் தீட்டினார்கள். அதனால் வண்ணம் மேலோடு நின்றது, எளிதில் உதிர்ந்தது. ஆனால் இங்கிலாந்தில் எந்தச் சுவரோவியத்தைக் கண்டாலும் ஃப்ரெஸ்கோ என்று சொல்லிவிடுகிற பழக்கம் போகவில்லை. சொல் நேர்த்தியாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

பூச்சு வேலையின் மற்ற சொற்களும் இப்படித்தான், வேறெங்கோ இருந்து வந்து வேறெதையோ குறிக்கின்றன. 'பிளாஸ்டர்' முதலில் வைத்தியரின் சொல். கிரேக்கத்தில் புண்ணின்மேல் அப்பும் மருந்துப் பற்று. சுவருக்கு அது பிறகுதான் வந்தது. 'டாப்' என்றால் இன்று கண்டபடி அப்புவது, அசிங்கமாகப் பூசுவது. அதன் மூலமான லத்தீன் 'தெயால்பாரெ'வுக்குப் பொருள் வெண்மையாக்குவது; ஆல்பம் என்ற சொல்லிலும் உள்ள அதே வெண்மை. வெள்ளையடிப்பது என்று புறப்பட்ட சொல் சேறு பூசுவதில் வந்து நிற்கிறது. 'சாக்' என்கிற சுண்ணக்கட்டியும் லத்தீன் 'கால்க்ஸ்', அதாவது சுண்ணாம்புதான். நம் வீடுகளில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் அடித்த டிஸ்டெம்பர் இருக்கிறதே, அதற்கு மூலப்பொருள் கலப்பது, கரைப்பது. உடம்பின் நான்கு நீர்களும் தப்பான அளவில் கலந்தால் நோய் என்று நம்பிய காலத்தில் அதே சொல் நோய்க்கும் பெயரானது. நாய்களுக்கு வரும் வைரஸ் காய்ச்சலுக்கு ஆங்கிலத்தில் இன்றும் டிஸ்டெம்பர் என்றே பெயர். கால்நடை மருத்துவரிடமும் பெயின்ட் கடையிலும் கேட்கக்கூடிய சொற்கள் உலகில் அதிகம் இருக்காது.

அந்த அம்மாளிடம் நம்முடைய சுண்ணாம்பும் ஆங்கில அகராதியில் இருக்கிறது என்றேன். நம்பவில்லை. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெலும். அதில் 'சுனம்' இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. சுண்ணம் என்ற தமிழ்ச் சொல். அதற்குப் பின்னால் பொடி என்று பொருள்படும் வடமொழிச் சூர்ணம். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், வெல்லம் போன்றவற்றைச் சேர்த்து அரைத்து, பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சென்னைப் பட்டணத்துத் தூண்களைக் கண்டு சலவைக்கல் என்றே மயங்கிய வெள்ளைக்காரர்கள் பலர். பொருளுக்குத் தங்கள் மொழியில் 'லைம்' என்ற சொல் இருந்தும் அவர்கள் நம் சொல்லை எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பளபளப்பே காரணமாக இருக்க வேண்டும். 'லைம்' அவர்களுடைய சொந்தச் சொல்தான், ஆனால் அதன் ஆதிப் பொருள் பிசுபிசுப்பு. பளபளப்பு அதில் இல்லை. அம்மாள் 'சுனம், சுனம்' என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

பெயின்ட் என்ற சொல்லே இறக்குமதிதான். லத்தீன் 'பிங்கெரெ' பிரெஞ்சுக்குப் போய், நார்மன்கள் வந்து நூறு நூற்றைம்பது ஆண்டு கழித்து ஆங்கிலத்தில் ஒட்டியது. பிக்சர், பிக்மென்ட் எல்லாம் அதன் பிள்ளைகள். அதற்கு முன் ஆங்கிலேயர் வரையவில்லையா? வரைந்தார்கள். 'மேத்தன்' என்று அதற்குச் சொந்தச் சொல்லும் இருந்தது, வரைபவருக்கு 'மேத்தரெ' என்ற பெயரும். இரண்டும் சுவடில்லாமல் போய்விட்டன. கிராமத்துத் தேவாலயச் சுவரில் எத்தனையோ வண்ணங்கள் சுண்ணாம்பைத் தாண்டி வந்துவிட்டன. இந்தச் சொல்லைச் சுரண்டி எடுக்க யாரும் இல்லை.

டரம் கதீட்ரலில் நான் அதிக நேரம் செலவிட்டது மேற்குக் கோடியில் உள்ள கலிலீ சேப்பலில். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். ஒரு மாடத்தின் இரு பக்கமும் அதே காலத்து ஓவியங்கள் இரண்டு எஞ்சியிருக்கின்றன: ஒருவர் ஆயர், ஒருவர் அரசர். கத்பர்ட், ஆஸ்வால்ட் என்று சொல்கிறார்கள். அருகே ஒரு கருங்கல் பலகை. அதன் கீழே இருப்பவர் பீட். ஆங்கிலேயர்களின் திருச்சபை வரலாற்றை 731-இல் எழுதி முடித்தவர், 735-இல் இறந்தவர். எலும்புகளைப் பதினோராம் நூற்றாண்டில் ஜாரோவிலிருந்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும். கல்லில் வெட்டிய லத்தீன் வரி அவர் கிடக்கும் குழியை 'ஃபோஸா' என்கிறது. அகழிக்கும் அதே சொல்தான். மதிலையும் அகழியையும் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதிய ஒருவருக்கு அது பொருத்தமாகவே தோன்றியது.

என்ன எழுதினார் என்பதற்கு முன் அவர் வாழ்ந்த இடம். நியூகாசிலிலிருந்து மெட்ரோ ரயிலில் போனால் 'பீட்' என்றே ஒரு நிலையம் வருகிறது. எண்ணெய்க் கிடங்குகளும் தொழிற்பேட்டைகளுமான வட்டாரம். அங்கிருந்து நடந்தால் ஜாரோவின் புனித பவுல் தேவாலயம். 685 ஏப்ரல் 23 அன்று அர்ப்பணிக்கப்பட்டது என்று சொல்லும் கல் இன்றும் சுவரில் இருக்கிறது. சிறுவனாக வந்து சேர்ந்த பீட் வாழ்நாளை இந்த மடத்தில்தான் கழித்தார்.

மடத்தை நிறுவிய பெனடிக்ட் பிஸ்காப் ரோமுக்குப் போய்வரும்போதெல்லாம் புத்தகங்களும் படங்களும் அள்ளிக்கொண்டு வந்தவர். ஜாரோவோடு சேர்ந்து ஒரே மடமாக இயங்கிய வேர்மத்தில், தேவாலயத்தின் தெற்குச் சுவரில் நற்செய்திக் கதைகள், வடக்குச் சுவரில் உலக முடிவின் காட்சிகள். ஜாரோவில் பழைய ஏற்பாட்டுக் காட்சியும் புதிய ஏற்பாட்டுக் காட்சியும் ஜோடி ஜோடியாக. எழுத்தறியாதவர்களும் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக என்று பீட் எழுதுகிறார். பிக்கரிங் பாதிரியார் இதைப் படித்திருந்தால் ஒரு வாளி சுண்ணாம்பு மிச்சமாகியிருக்கும்.

இதே இரட்டை மடத்தில் உருவான பெரிய பைபிள் ஒன்று, கோடெக்ஸ் அமியாட்டினுஸ், இன்று ஃப்ளாரன்ஸில் இருக்கிறது. மடத்தலைவர் செயோல்ஃப்ரித் 716-இல் அதைப் போப்பாண்டவருக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு புறப்பட்டு வழியிலேயே இறந்துபோனார். கன்றுத் தோலில் எழுதிய மாபெரும் புத்தகம். அதிலுள்ள படங்களை 'மினியேச்சர்' என்கிறார்கள். முழுப்பக்கப் படத்துக்கு ஏன் அந்தப் பெயர்? அந்தச் சொல்லுக்கும் சிறியது என்பதற்கும் முதலில் சம்பந்தமே கிடையாது. 'மினியம்' என்பது ஈயச் செந்தூரம். ஏட்டில் அதைக் கொண்டு தீட்டுவது மினியேச்சர். ஏட்டுப் படங்கள் சிறியனவாக இருந்ததாலும், 'மினி' என்று தொடங்கும் லத்தீன் சொற்கள் சிறுமையைக் குறித்ததாலும் பொருள் சாய்ந்துவிட்டது.

தேவாலயத்தின் பழைய பகுதியில் உள்ளங்கை அகலச் சாளரங்கள். ஒன்றில், அகழாய்வில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுக் கண்ணாடித் துண்டுகளையே சேர்த்துப் பதித்திருக்கிறார்கள். பீட் காலத்து ஆங்கிலத்தில் ஜன்னலுக்கு 'கண்-துளை' என்ற பொருள் தரும் சொல் இருந்தது. 'த்யுரெல்' என்றால் துளை. இந்தத் துளையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். 793-இல் லின்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடிய வைக்கிங்குகள் பிறகு இங்கிலாந்தில் குடியேறியபோது தங்கள் சொல்லையும் கொண்டுவந்தார்கள். 'விந்தௌகா', காற்றின் கண். அதுதான் 'விண்டோ'. மடங்களை எரித்தவர்களிடமிருந்து ஜன்னல் என்ற சொல்லை வாங்கிக்கொண்டது ஆங்கிலம்.

டைன் ஆற்றுக்கு வடகரையில் வால்ஸெண்ட். மதிலின் முனை என்றே ஊர்ப் பெயர். நம் காதுக்கு அந்த 'வால்' வேறு மாதிரிக் கேட்கும். வரைபடத்தில் பார்த்தால் வால் மாதிரிதான் இருக்கிறது. மௌரிடானியா, கார்பேதியா போன்ற கப்பல்களைக் கட்டிய ஸ்வான் ஹண்டர் தளம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ரோமானியரின் செகெதூனும் கோட்டை. மெட்ரோ நிலையத்தில் அறிவிப்புகள் லத்தீனிலும் எழுதப்பட்டிருக்கின்றன. புகைபிடிக்காதே என்பதற்கு 'நோலி ஃபுமாரெ'. இது 2003-இல் ஒரு கலைஞர் செய்த வேலை. ரோமானியர் புகையிலையைக் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

கி.பி. 122-இல் ஹேட்ரியன் ஆணைப்படி தொடங்கிய மதில் இங்கிருந்து மேற்குக் கடற்கரையின் போனஸ்வரை 117 கிலோமீட்டர். 'வால்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் 'வல்லும்' என்பதிலிருந்து வந்தது. இந்த மதிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டதல்ல. ஜெர்மானியக் குடிகள் கண்டத்தில் இருந்தபோதே ரோமானியப் படைகளிடம் பெற்றது. ஸ்ட்ரீட், டைல் என்ற சொற்களும் அப்படிப் பெற்றவையே. 'வல்லுஸ்' என்பது கூரான கழி. மண்மேட்டில் கழி நட்டு அமைத்த அரண் 'வல்லும்'. கல்லால் கட்டினால் அது 'மூருஸ்'. மியூரல் என்ற சொல் வந்தது அதிலிருந்து. பீட் இந்த வேறுபாட்டில் கறாராக இருக்கிறார்: மதில் கல்லால் ஆவது, 'வல்லும்' வெட்டியெடுத்த புல்மண் கட்டிகளால் ஆவது என்று விளக்கம் கொடுத்துவிட்டுத்தான் கதையைத் தொடர்கிறார். அவரைப் பின்பற்றி, மதிலுக்குத் தெற்கே இரு பக்கமும் மண்மேட்டோடு ஓடும் பெரிய அகழியை அறிஞர்கள் இன்றும் 'வல்லும்' என்றே அழைக்கிறார்கள். ஆக, கல் மதிலுக்குக் கழிவேலியின் பெயர், பள்ளத்துக்கு மேட்டின் பெயர்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு. 2003-இல் ஸ்டாஃபோர்ட்‌ஷயர் பக்கம் இரண்டாம் நூற்றாண்டு வெண்கலக் கிண்ணம் ஒன்று கிடைத்தது. விளிம்பில் மதிலோரக் கோட்டைகளின் பெயர்களோடு 'வாலி ஏலி' என்ற சொற்கள். ஏலியஸ் என்பது ஹேட்ரியனின் குடும்பப் பெயர். அந்தக் காலத்துப் படைவீரர் கல் மதிலையே 'வல்லும்' என்று சொல்லியிருக்கிறார்கள் என்று அதிலிருந்து பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அறுநூறு ஆண்டு கழித்து இலக்கணம் பார்த்தவர் பீட்தான்.

உள் சுவருக்குப் பழைய ஆங்கிலத்தில் 'வாக்' என்று தனிச் சொல் இருந்தது, மிலாறு பின்னிய தட்டிச் சுவர். ஜெர்மானியருக்கு இன்றும் அறைச் சுவர் 'வான்ட்', கட்டுமானச் சுவர் 'மௌயர்', மண் அரண் 'வால்'. ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒன்றில் அடக்கிவிட்டது. சுவர், மதில், அரண் என்று பிரித்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வறுமையாகவே படும்.

ஹெக்ஸம் மடாலயத்தின் நிலவறைக்குள் குனிந்து இறங்க வேண்டும். ஆயர் வில்ஃப்ரிட் ஏழாம் நூற்றாண்டில் கட்டியது. கற்கள் எல்லாம் ரோமானியக் கட்டடங்களில் பெயர்த்தவை. இலை வேலைப்பாடு உள்ள கல் தலைகீழாக இருக்கிறது, எழுத்துள்ள கல் அடிச்சுவரில் இருக்கிறது. ஒரு கல்வெட்டில் செவெரஸ் பேரரசர், மகன்கள் கரகல்லா, கெட்டா பெயர்கள். கெட்டாவின் பெயர் மட்டும் கொத்தி எடுக்கப்பட்டிருக்கிறது. 211-இல் அண்ணனே தம்பியைக் கொன்றுவிட்டு நாடெங்கும் பெயரை அழிக்கச் சொன்னான். ஆங்கிலத்தின் 'இரேஸ்' லத்தீனில் சுரண்டி எடுப்பது. இங்கே விரலால் தடவியே அதன் பொருளைத் தெரிந்துகொள்ளலாம். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியுமென்றால் எது என்று யாராவது கேட்டால் மதிலைச் சொல்ல மாட்டேன், இந்த நிலவறையைச் சொல்வேன். ஆங்கிலச் சொற்கள் கட்டப்பட்ட விதமும் ஏறக்குறைய இதுவே: கிடைத்த கல், கிடைத்த பக்கம் வெளியே.

ஹெக்ஸமிலிருந்து மதிலோரம் போகும் பஸ்ஸுக்கு ஏ.டி. 122 என்று பெயர். மதில் தொடங்கிய ஆண்டையே வழித்தட எண்ணாக்கிய குறும்பு. அது போகும் சாலையின் அடியில் பல மைலுக்கு மதிலின் கற்கள். 1745 ஜாக்கபைட் கலகத்தின்போது நியூகாசிலிலிருந்து கார்லைலுக்குப் பீரங்கிகளை நகர்த்த முடியாமல் போனதால், 1750-களில் ராணுவச் சாலை போட்டபோது மதிலையே அடித்தளமாக்கிவிட்டார்கள். மிச்சம் நிற்பதற்கு, நிலத்தை விலைக்கு வாங்கிக் காத்த ஜான் கிளேட்டன் போன்றவர்கள் காரணம். ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் இறங்கி, கரும்பாறை முகட்டில் மதிலை ஒட்டி மேற்கே நடந்தேன். காற்று நிற்கவே விடவில்லை. சரிவில் சாந்தில்லாமல் அடுக்கிய வயல் சுவர்கள். வேலிக் கதவைத் திறந்துகொண்டிருந்த விவசாயி ஒருவர் அவற்றை 'டைக்' என்றார். தெற்கே அதே சொல்லுக்கு வாய்க்கால் என்று பொருள். 'டிட்ச்' என்பதும் அதன் இன்னோர் உச்சரிப்புத்தான். தோண்டினால் பள்ளமும் மேடும் சேர்ந்தேதான் வரும் என்பதால் வடக்கத்தியார் மேட்டை எடுத்துக்கொண்டார்கள், தெற்கத்தியார் பள்ளத்தை.

இவ்வளவு கல்லும் யாருக்கு எதிராக? வடக்கே இருந்தவர்களை ரோமானியர் பின்னாளில் 'பிக்டி' என்றார்கள். எழுத்தில் அந்தப் பெயர் முதலில் வருவது 297-இல், மதில் கட்டி நூற்றெழுபது ஆண்டுக்குப் பிறகு. லத்தீனாகப் படித்தால் வண்ணம் தீட்டியவர்கள், அதாவது பெயின்ட் என்ற சொல்லின் அதே வேர். உடம்பில் பச்சை குத்தியிருந்தார்கள் என்று நெடுநாள் விளக்கம் சொல்லிவந்தார்கள். அவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட ஏதோ ஒரு பெயரை ரோமானியக் காது இப்படிக் கேட்டிருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சி பிடிக்கும். எல்லைக்கு அப்பால் இருப்பவன் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொண்ட பேரரசு எது?

கடைசியாக இறங்கியது கிரீன்ஹெட் பக்கம், தர்ல்வால் கோட்டை. பதினான்காம் நூற்றாண்டில் உள்ளூர்க் குடும்பமொன்று மதிலின் கல்லைப் பெயர்த்துக் கட்டியது. இப்போது கூரையில்லை, ஆடுகள் மேய்கின்றன. 'தர்ல்' என்றால் துளை, துளைபட்ட மதில். வடக்கத்தியார் மதிலை உடைத்து நுழைந்த இடம் இதுவே என்று ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் ஜான் ஆஃப் ஃபோர்டன் அதே நூற்றாண்டில் எழுதினார். அருகே ஓடும் டிப்பால்ட் ஓடை போகும் இடைவெளியே பெயருக்குக் காரணம் என்பாரும் உண்டு. எதுவானாலும், ஜாரோவின் ஜன்னலில் பார்த்த அதே 'த்யுரெல்' இங்கே ஊர்ப் பெயராக நிற்கிறது. மூக்கோடு சேர்ந்து 'நாஸ்ட்ரில்' ஆனது, மூக்குத் துளை. துளைப்பது என்ற வினை உடம்பைத் துளைத்து, பிறகு மனத்தைத் துளைத்து, எழுத்து இடம் மாறி 'த்ரில்' ஆனது. அதிலிருந்து வந்ததுதான், நம் ஊர்ச் சுவர்களில் வாரத்துக்கு ஒரு போஸ்டராவது அறிவிக்கிற 'த்ரில்லர்'.